வயிறு நிறைந்தும் வளைந்த கால்கள்

பச்சோந்தி என்றதும் அது நிறம் மாறுவதுதான் உங்கள் நினைவுக்கு வரும். ஆனால் அதன் நாக்கு அதைவிட வியப்பானது. தன் உடல் நீளத்தையும் தாண்டிப் பாய்ந்து, பூச்சியை ஒட்டிக்கொண்டு, கண் இமைக்கும் நேரத்துக்குள் வாய்க்குள் திரும்பிவிடும்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் பச்சோந்தியை வீட்டில் கூண்டு வைத்து வளர்க்கின்றனர். ஏமன், சவூதி அரேபியா நாடுகளுக்குரிய முக்காட்டுப் பச்சோந்தியும், மடகாஸ்கர் தீவின் சிறுத்தைப் பச்சோந்தியும் அவர்கள் விரும்பி வளர்ப்பவை. இவற்றுக்கு உயிருள்ள பூச்சிகளே உணவு. கடைகளில் எளிதாகக் கிடைப்பது சுவர்க்கோழி. (பெயரில் கோழி இருந்தாலும் அது பூச்சிதான். இரவில் சுவர் இடுக்கிலிருந்து கிறீச்சிடுமே, அதன் இனம்.)

பச்சோந்திக் குட்டி ஒன்று நாள்தோறும் வயிறாரச் சுவர்க்கோழிகளைத் தின்று வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். சில மாதங்களில் அதன் முன்னங்கால்கள் வில்லைப்போல் வளைகின்றன. தாடை மெத்தென்று ஆகிறது. வெளியே வந்த நாக்கு உள்ளே திரும்ப மாட்டாமல் தொங்குகிறது. பட்டினி கிடந்த பிராணிக்கு இந்த நிலை வந்தால் வியப்பில்லை. வயிறு நிறைய உண்டதற்கு ஏன் வந்தது?

பூச்சிக்கு எலும்பு இல்லை என்பது நீங்கள் அறிந்ததே. அதன் மேலோடு கைட்டின் என்ற பொருளாலும் புரதத்தாலும் ஆனது. அதில் கால்சியம் மிகக் குறைவு. எலியை விழுங்கும் பாம்புக்கு எலியின் எலும்பும் சேர்ந்து கிடைக்கிறது. பூச்சி தின்னும் பிராணிக்கு அந்த வசதி இல்லை.

ஒரு கிலோ சுவர்க்கோழியில் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 3,000 மில்லிகிராம் பாஸ்பரஸும் உள்ளன. இருக்க வேண்டிய விகிதமோ இதற்கு நேர்மாறு: பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரு பங்கு இருப்பது நல்லது. மிகையான பாஸ்பரஸ், இருக்கும் கொஞ்சக் கால்சியமும் குடலில் உறிஞ்சப்படாமல் தடுக்கிறது. தசைகள் சுருங்கவும் நரம்புகள் வேலை செய்யவும் இரத்தத்தில் கால்சியம் இருந்தே தீரவேண்டும். ஆகவே பாராதைராய்டுச் சுரப்பி எலும்பிலிருந்து அதை எடுத்துக் கொடுக்கிறது. இப்படி எடுத்துக்கொண்டே போனால் எலும்பில் என்ன மிஞ்சும்?

இதற்குப் பரிகாரம் உண்டு. ஒரு சிறு கணக்குப் போடுவோம். 10 கிராம் சுவர்க்கோழியில் கால்சியம் 4 மில்லிகிராம், பாஸ்பரஸ் 30 மில்லிகிராம். விகிதம் சரியாக வேண்டுமானால் கால்சியம் 60 ஆக வேண்டும், 56 குறைகிறது. கால்சியம் கார்பனேட்டின் எடையில் 40 சதவீதம் கால்சியம். எனவே 140 மில்லிகிராம் தூள் போதும். ஒரு சிட்டிகைதான்! பூச்சிகளை அந்தத் தூளில் புரட்டி உடனே கொடுக்கின்றனர். தாமதித்தால் சுவர்க்கோழி தன் உடலைத் தானே துடைத்துச் சுத்தம் செய்துகொண்டுவிடும்.

தூளைவிட முக்கியமானது பூச்சியின் சாப்பாடு. கடையில் காய்ந்து கிடந்த பூச்சி வெறும் பைக்குச் சமம். ஓரிரு நாள் அதற்குக் கடுகுக் கீரை, கேரட், கால்சியம் கலந்த தீவனம் ஆகியவற்றைக் கொடுத்தால், அதன் குடலில் உள்ள சத்தும் பச்சோந்திக்குப் போய்ச் சேரும். பாலக் கீரை இதற்கு உதவாது; அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

எல்லாப் பூச்சியும் ஒன்றல்ல. மாவுப்புழுவில் கால்சியம் சுவர்க்கோழியைவிடக் குறைவு, கொழுப்போ இரு மடங்கு. தேனடையைத் தின்று வளரும் மெழுகுப்புழுவில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பு. நமக்கு அதிரசம் எப்படியோ அப்படி. என்றைக்காவது ஒன்று கொடுக்கலாம். பட்டுப்புழுவில் கொழுப்பு சொற்பம், நீர் 80 சதவீதத்துக்கும் மேல். கால்சியத்தில் தனித்து நிற்பது மட்கும் குப்பையில் வளரும் கருஞ்சிப்பாய் ஈயின் புழு. அதன் தோலிலேயே கால்சியம் கார்பனேட் படிந்திருப்பதால், பாஸ்பரஸைவிடக் கால்சியம் மிகுதி. இதில் இருப்பது அதில் இல்லை. அதனால்தான் பூச்சிகளை மாற்றி மாற்றிக் கொடுக்கின்றனர். மின்மினியை மட்டும் அண்டவிடுவதில்லை. அமெரிக்க மின்மினிகள் சிலவற்றின் நஞ்சு, ஓணான் வகைப் பிராணியைக் கொன்றிருக்கிறது.

உண்ட கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி3 வேண்டும். புற ஊதாக் கதிர் பட்டால் தோல் அதைத் தயாரிக்கும். ஜன்னல் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடுவதால், கூண்டில் தனி விளக்கு எரிகிறது. உணவில் டி3 குறைந்தால் சிறுத்தைப் பச்சோந்தி தானாகவே அதிக நேரம் புற ஊதாக் கதிரில் காய்கிறது என்று 2009இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. டி3 மிகுந்தாலோ ஆபத்து. சிறுநீரகத்திலும் இரத்தக் குழாய்களிலும் கால்சியம் படிந்துவிடும்.

நம் வேலியோரப் பச்சோந்திக்கு விளக்கும் வேண்டாம், தூளும் வேண்டாம். வெட்டுக்கிளி, ஈ, வண்டு, பட்டாம்பூச்சி என்று வெவ்வேறு இலையும் பூவும் தின்றவை அதன் வாயில் விழுகின்றன, வெயிலும் தாராளம். அதைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எட்ட நின்று பார்க்கத் தடையில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அரை மணி நேரம் காத்திருந்து, அது எத்தனை வகைப் பூச்சிகளைப் பிடிக்கிறது என்று குறித்து வாருங்கள்.