'தி வோல்யோ பேனே': உனக்கு நலம் விரும்புகிறேன்

இத்தாலியக் குடும்பங்களில் அன்றாடம் ஒலிக்கும் ஒரு சிறு வாக்கியம், 'தி வோல்யோ பேனே'. தாய் மகனிடமும், பேத்தி பாட்டியிடமும், நண்பர் நண்பரிடமும் சொல்வது இது. 'உன்மீது எனக்கு அன்பு உண்டு' என்று நாம் இதைப் புரிந்துகொள்கிறோம். இதன் இலக்கணத்தைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

'வோல்யோ' என்றால் 'விரும்புகிறேன்'. இத்தாலியத்தில் 'நான்' என்பதற்கு 'ஈயோ' என்ற சொல் உண்டு. ஆயினும், இங்கு அது தேவையில்லை. நமது 'விரும்புகிறேன்' என்பதில் 'ஏன்' விகுதி பேசுபவரைக் காட்டிவிடுவதுபோல, 'வோல்யோ' என்ற வடிவமே 'நான்' என்பதை உணர்த்திவிடுகிறது. 'பேனே' என்பது நலம். 'ஸ்தோ பேனே' என்றால் 'நலமாயிருக்கிறேன்'.

மீதமிருப்பது 'தி'. இது 'உன்னை' என்றும் வரும், 'உனக்கு' என்றும் வரும். இங்கு எது? 'நீ' இருக்கும் இடத்தில் 'அவள்' வந்தால் விடை கிடைக்கும். அப்போது 'அவளை' என்னும் 'லா' வராது. 'அவளுக்கு' என்னும் 'லே' தான் வரும். ஆகவே, இது நான்காம் வேற்றுமை. 'உனக்கு நலம் விரும்புகிறேன்' என்பதே நேர்ப்பொருள். காதலர்களும் தம்பதியரும் சொல்லும் 'தி ஆமோ' என்பதிலோ, 'தி' என்பது 'உன்னை'.

அன்பு என்பது பிறருக்கு நன்மையை விரும்புவதே என, 13ம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி விளக்கினார். அந்த இறையியலை இத்தாலியப் பாட்டிமார் தினமும் மூன்று சொற்களில் பேசுகின்றனர்!

யோவான் நற்செய்தி 21ம் பிரிவில், உயிர்த்த இயேசு பேதுருவிடம் மூன்றுமுறை அன்பைப்பற்றிக் கேட்கிறார். இத்தாலிய ஆயர்களின் 2008ம் ஆண்டு மொழிபெயர்ப்பில், முதல் இரு கேள்விகளில் 'ஆமோ' என்பதன் வினை வருகிறது. மும்முறை மறுதலித்த பேதுருவோ, 'தி வோல்யோ பேனே' என்றே பதிலளிக்கிறார். மூன்றாம்முறை, பேதுருவின் சொல்லையே இயேசுவும் எடுத்துக்கொள்கிறார். 'என் ஆடுகளைப் பேணு' என்ற பொறுப்பும் உடன்வருகிறது.

வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திவிட்ட அண்ணன் தம்பியர் நம்மிடையே உண்டு. பாசம் உடனே ஊறிவராது, கட்டளையிட்டும் வராது. ஆனால், 'அவனுக்கு நலம் உண்டாகட்டும்' என்று விரும்ப இன்றே நம்மால் முடியும். அவன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விசாரிக்க முடியும். அவன் பெயரைச் சொல்லிச் செபிக்க முடியும். அங்கிருந்து தொடங்குவோம்.