எழுதுகோல் காட்டிய வழி

திரைப்பட இயக்குநர் ஆவதற்கு எக்கல்லூரியிற் சேர வேண்டும் என்று, நான் தலைமையாசிரியனாய் இருந்த காலத்தில் மாணவர் பலர் வினவியதுண்டு. சிதம்பரத்தோடும் கடலூரோடும் தொடர்புடைய இருவர் வாழ்வு அதற்கு விடை கூறும்.

கே. பாலசந்தர் 1930-இல் நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியிற் பிறந்தவர். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றதோ விலங்கியல். பின்னர் முத்துப்பேட்டையிற் சிறிது காலம் ஆசிரியராகவும், சென்னையில் மாநிலக் கணக்காயர் அலுவலகத்தில் எழுத்தராகவும் பணியாற்றினார். அப்பணியில் இருந்தவாறே 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்' முதலிய நாடகங்களை எழுதி மேடையேற்றினார். 1964-இல் 'தெய்வத்தாய்' படத்திற்கு உரையாடல் எழுதினார். மறு ஆண்டிலேயே, 35 வயதில், தமது நாடகமான 'நீர்க்குமிழி'யைத் தாமே திரைப்படமாக இயக்கினார்.

இஃது எவ்வாறு இயன்றது? நாடக மேடையில் இடத்தை அடிக்கடி மாற்றுதல் அரிது. ஆகவே ஓரிடத்திற் பலரைக் கூட்டி, அவர்தம் பேச்சாலும் மோதலாலுமே கதையை நகர்த்த வேண்டும். 'நீர்க்குமிழி' ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நிகழ்வது. 1968-இல் வந்த 'எதிர்நீச்சல்' பல குடித்தனங்கள் வாழும் ஒரே வீட்டில் நிகழ்வது. குடியிருப்போர்க்கெல்லாம் ஏவல் செய்துகொண்டே படித்து முன்னேறும் அநாதை இளைஞனின் கதை அது. மேடையில் உரையாடல் தளர்ந்தால் அவையோர் இருமுவர், நெளிவர்; ஆசிரியர் அக்குறையை அடுத்த முறை திருத்திக்கொள்வார். அதனினும் நல்ல பள்ளி எது?

கடலூரில் 1934-இல் பிறந்த ஜெயகாந்தனோ ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கம்யூனிஸ்டுக் கட்சி அலுவலகச் சூழலில் வளர்ந்து, அச்சகத்திற் பணிபுரிந்து, எழுத்தாளரானார். சேரி மக்கள் வாழ்வைக் கூறும் தம் கதையான 'உன்னைப்போல் ஒருவன்' என்பதை 1965-இல் தாமே இயக்கினார். அதற்குத் தேசிய விருதுகளில் தகுதிச் சான்று கிடைத்தது.

ஒருவர் பட்டதாரி, மற்றவர் பள்ளியைத் தாண்டாதவர். இருவரும் இயக்கத்தைக் கல்லூரியிற் பயின்றவரல்லர். பிற்காலத்தில் முன்னவர் தாதாசாகிப் பால்கே விருதும், பின்னவர் ஞானபீட விருதும் பெற்றனர். இதைக் கேட்டு எவரும் புத்தகத்தை மூடிவிட வேண்டா! ஜெயகாந்தன் பள்ளியை விட்டாரேயன்றிப் படிப்பை விடவில்லை. பாலசந்தரும் கலையின்பொருட்டுத் தம் அலுவலைத் தொடக்கத்திலேயே உதறியவரல்லர். பயிற்சிக் கல்லூரிகள் படக்கருவியைக் கையாளக் கற்பிக்கும். மனிதரை உற்றுநோக்கி எழுதும் பழக்கத்தை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

ஆதலின் நீங்கள் நன்கறிந்த ஒரு நிகழ்ச்சியை நான்கு பக்க நாடகமாக எழுதுங்கள். பள்ளி ஆண்டு விழாவில் அதை நடித்துக் காட்டுங்கள். அவையோர் எவ்விடத்திற் கவனம் இழக்கின்றனர் என்பதைக் குறித்துக்கொண்டு, அப்பகுதியை மீண்டும் எழுதுங்கள். இதற்குப் பொருட்செலவு இல்லை. பொறுமை ஒன்றே வேண்டும்.