‘முடிவு’ என்றால் எந்த முடிவு? காலண்டரில் தொடர் நிகழ்வுகள்

ஆன்லைன் காலண்டரில் தொடர் நிகழ்வைப் பதியும்போது சேமிக்கப்படுவது தேதிகளின் பட்டியல் அல்ல, ஒரு விதி. ‘செவ்வாய்தோறும் மாலை 5 மணி’ என்ற அளவில் ஒரே வரி. காலண்டர்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ‘ஐகேலண்டர்’ பொதுத்தரமும் (1998இல் வெளியானது, 2009இல் திருத்தப்பட்டது) இப்படித்தான் எழுதிவைக்கிறது. விதியில் விழுந்த பிசகு அன்றைக்கே கண்ணில் படாது.

புதியவர்கள் எளிதில் சறுக்கும் இடம் ‘முடிவு’ என்ற கட்டம். 2026 ஜனவரி 6 முதல் மார்ச் 24 வரை, செவ்வாய்க்கிழமைகளில் 5 முதல் 6 மணி வரை பாட்டு வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ‘தொடக்கம்’, ‘முடிவு’ என்று இரண்டு கட்டங்களைப் பார்த்ததும் கை தானாகவே ஜனவரி 6, மார்ச் 24 என நிரப்பிவிடும். கிடைப்பது 12 வகுப்புகள் அல்ல. 78 நாள் விடாமல் நடக்கும் ஒரே வகுப்பு! அந்தக் கட்டம் கேட்பது அன்றைய வகுப்பு எப்போது முடிகிறது என்பதை. தொடர் எப்போது முடிகிறது என்பதற்கு ‘மீண்டும் நிகழ்வது’ பகுதியில் வேறு இடம் உண்டு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்த படிவத்தின் மேல்தான் பாதிப் பழி. ‘செவ்வாய்தோறும், மார்ச் 24 வரை, 12 முறை’ என்று சேமிக்கும் முன்பே காட்டி, அடுத்த நான்கைந்து தேதிகளையும் கீழே போட்டால் பிழை அங்கேயே பிடிபடும்.

மாத நிகழ்வுகளில் பிழை இன்னும் ஒளிந்திருக்கும். பிப்ரவரி 27, 2026 அந்த மாதத்தின் நான்காவது வெள்ளி. கடைசி வெள்ளியும் அதுவே. எதைத் தேர்ந்தெடுத்தாலும் மார்ச், ஏப்ரலில் வித்தியாசம் தெரியாது. மே மாதத்தில் ஐந்து வெள்ளிகள். கூட்டம் 22ஆம் தேதியா, 29ஆம் தேதியா என்ற குழப்பம் அப்போதுதான் எழும். ‘மாதந்தோறும் 31’ என்று போட்டாலோ, பொதுத்தரத்தின்படி இல்லாத தேதிகள் தாண்டப்படும். வாடகை நினைவூட்டல் ஆண்டில் 5 மாதம் வராது. ‘மாதத்தின் கடைசி நாள்’ என்ற விதி இருந்தால் அதுவே பொருத்தம். அமாவாசை, பிரதோஷம் எந்த மாதத் தேதிக்கும் அடங்காதவை. பஞ்சாங்கம் பார்த்துத் தனித்தனியே பதிவதே நல்லது.

வெளிநாட்டாருடன் கூட்டம் என்றால் யாருடைய கடிகாரம் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். கோடையில் நியூயார்க்கின் காலை 9 மணி சென்னையில் மாலை 6.30, நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரம் மாறியதும் 7.30. தொடரைச் சென்னை நேரத்தில் பதிந்திருந்தால் நியூயார்க்கில் அது 8 மணிக்கு வந்து நிற்கும்.

திருத்தும்போது கூகுள் காலண்டர் மூன்று வழிகளைத் தருகிறது: இந்த நிகழ்வு மட்டும், இதுவும் இனி வருபவையும், எல்லாமும். ஒரு வார விடுமுறைக்காக நீக்கப் போய் மூன்றாவதை அழுத்தினால், நடந்து முடிந்த வகுப்புகளின் பதிவும் சேர்ந்து போய்விடும்.