தண்டாலும் திண்ணையும்

மார்பு அகன்று தோள் திரண்டு விளங்க வேண்டும் என்னும் விருப்பம் இளமைக்கு இயல்பே. நகரத்துப் பயிற்சிக் கூடங்களில் உள்ள இரும்புச் சுமைகள் பண்டசோழநல்லூர் போன்ற புதுவைச் சிற்றூர்களில் வாழும் மாணவருக்கு எளிதிற் கிட்டாமற் போகலாம். அதனால் மனம் தளர்தல் வேண்டா. தரையும் வீட்டுத் திண்ணையுமே போதும்.

தண்டால் எடுப்பவன் தன் உடலையே சுமையாகத் தூக்குகிறான். ஆயினும் முழு எடையையும் அவன் கைகள் தாங்குவதில்லை; ஒரு பங்கு கால்களின்மேல் நிற்கிறது. 2011இல் வெளிவந்த ஆய்வொன்று இதனை அளந்து கூறியது. தரையில் எடுக்கும் தண்டாலில் உடல் எடையில் ஏறத்தாழ 64 விழுக்காடு கைகளில் இறங்குகிறது. முழங்காலை ஊன்றினால் அது 49 ஆகும். இரண்டடி உயரத்தில் கைகளை ஊன்றினால் 41. அதே உயரத்தில் கால்களை வைத்தால் 74. எனவே, 60 கிலோ எடையுள்ள மாணவன் திண்ணையில் கையூன்றினால் சுமை ஏறக்குறைய 25 கிலோ. திண்ணையில் காலை வைத்தாலோ 44 கிலோ. ஒரே திண்ணை எளிய பயிற்சிக்கும் கடிய பயிற்சிக்கும் உதவுவதைப் பாருங்கள்!

அங்ஙனமாயின் எதனைத் தேர்வது? தலைமுதல் குதிகால்வரை உடல் ஒரே கோடாக நிற்க, இடுப்புத் தொய்யாமல், எட்டு முறையேனும் செம்மையாகச் செய்ய இயலும் வகை எதுவோ, அதுவே உமக்கு உரியது. அதனைப் பதினைந்து முறை தளராமற் செய்ய முடிந்தபின் அடுத்த வகைக்குச் செல்க. கைகளைத் தோளகலத்தில் ஊன்றுவது நன்று. மிக அகல வைத்தால்தான் மார்பு வலுக்கும் என்பர் பலர். ஆனால் 2005இல் நிகழ்ந்த ஆய்வில், கைகளை நெருக்கி ஊன்றியபோதே மார்புத் தசை மிகுதியாக உழைக்கக் கண்டனர். தோளிலோ மணிக்கட்டிலோ வலி தோன்றின் உடனே நிறுத்துக. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் தசைக்கு ஓய்வும் கிடைக்கும்.

முழங்காலூன்றிச் செய்பவரை எள்ளி நகையாடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்நகைப்புக்கு அஞ்சி, இயலாத வகையை முதல்நாளே மேற்கொண்டு, தோளை நோகச் செய்துகொண்டு பயிற்சியையே கைவிடுவோர் பலர். இழப்பு யாருக்கு? நகைத்தவருக்கு அன்று.

2015இல் வெளியான மற்றோர் ஆய்வையும் கேளுங்கள். பல்கலைக்கழக மாணவருள் ஒரு பிரிவினர் மீள்பட்டையை முதுகில் பூட்டித் தண்டால் எடுத்தனர். மற்றொரு பிரிவினர் மல்லாந்து படுத்து இரும்பைத் தூக்கினர். தசைகளின் உழைப்பு ஒத்திருந்தமையால், ஐந்து வார முடிவில் இரு சாராரும் பெற்ற வலிமையும் ஒத்தே இருந்தது. தசை கருவியின் விலையை அறியாது. தான் தாங்கும் சுமையை மட்டுமே அறியும். ஆகவே, இன்று திண்ணையில் கையூன்றித் தொடங்குக. அடுத்துத் தரைக்கு இறங்குக. தரை எளிதானபின் கால்களைத் திண்ணைக்கு ஏற்றுக.