நகர்மன்றம் இல்லாத கொடைக்கானல்

கொடைக்கானல் நகராட்சியின் 24 வார்டுகளுக்கும் 2022 பிப்ரவரி 19இல் வாக்குப்பதிவு நடந்தது. மார்ச்சில் பதவியேற்ற உறுப்பினர்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடியும். அதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்துவிட வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243யு பிரிவு. மலையின் அனுபவமோ வேறு.

முந்தைய மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அறிவித்திருந்த தேர்தலை, பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாக இல்லை என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குறையைச் சரிசெய்யச் சில மாதங்கள் போதும். ஆனால் வார்டு மறுவரையறை, வழக்கு, மறுபடி வழக்கு என்று ஐந்தாண்டுக்கும் மேல் ஓடிவிட்டது. அத்தனை நாளும் தனி அலுவலர் ஆட்சிதான்.

அந்த இடைவெளி சாதாரணமானதல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் மலைச்சாலைகளில் மரங்களைச் சாய்த்துப் போட்டது. 2019இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, விதிமீறிய விடுதிகளுக்கும் கட்டடங்களுக்கும் நகராட்சி சீல் வைத்தது. ஊரின் பிழைப்பையே தொட்ட அந்த நடவடிக்கையின்போது, கடைக்காரர் போய் முறையிடக் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை; விதிமீறலுக்கு வழிவிட்டது யார் என்று மன்றத்தில் கேட்கவும் ஆள் இல்லை. பிந்தையதுதான் பெரிய நஷ்டம் என்பேன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத உள்ளாட்சிகளுக்கான நிதி ஆணைய மானியத்தையும் மத்திய அரசு நிறுத்தி வைத்தது.

மலைக் கிராமங்களுக்கு இரண்டாம் முறையும் இந்தத் தனி அலுவலர் ஆட்சி வந்துவிட்டது. 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்ததும் தனி அலுவலர்கள் வந்தார்கள். முதலில் ஆறு மாதத்துக்கு, பிறகு நீட்டிப்பு. ஊராட்சிகளுக்குத் தனி அலுவலர் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். ஒன்றியத்தின் ஒரு கோடியில் மன்னவனூர், மறுகோடியில் பாச்சலூர். நடுவே, ஒற்றையடிப் பாதையில் நோயாளியைத் தூக்கிச் சுமந்த வெள்ளகெவி. எல்லாவற்றுக்கும் தலைவர் பொறுப்பில் அவர் ஒருவரே. எவ்வளவு நல்ல அதிகாரியானாலும் வெள்ளகெவிக்குப் போய்வரவே ஒரு பகல் போய்விடும்.

தள்ளிவைப்பு எங்கும் நடக்கும். கொரோனா பரவியபோது இங்கிலாந்தும் 2020 மே மாதத்து மாவட்ட மன்றத் தேர்தல்களைத் தள்ளிவைத்தது. ஆனால் 2021 மே என்று சட்டத்திலேயே நாள் குறித்துவிட்டுத்தான் தள்ளியது. நம்மிடம் இல்லாதது அந்த நாள். தமிழ்நாட்டில் 1970க்குப் பிறகு ஊராட்சித் தேர்தல் நடந்தது 1986இல், அதற்கடுத்து 1996இல்.

வார்டு எல்லையைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2006இலேயே, அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் சொல்லிவிட்டது. மிஞ்சும் சாக்கு இடஒதுக்கீடுதான். ஆகவே கொடைக்கானல் வாக்காளர் கண்வைக்க வேண்டியது 2027 மார்ச்சின் மீதல்ல. அதற்குப் பல மாதம் முன்பே அரசிதழில் வரவேண்டிய இடஒதுக்கீட்டுப் பட்டியலின் மீது. அது தாமதமானால் வழக்கும் தாமதமாகத்தான் வரும், 2016இல் வந்ததைப் போல.