பக்கவாதம்: நம் வீட்டுப் பெண்களைக் கவனிப்போம்



பக்கவாதம் வயதான ஆண்களுக்கு வரும் நோய் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அது ஆணையும் பெண்ணையும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை என்பதை அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழக நரம்பியல் விஞ்ஞானி ஃபரீதா சொராப்ஜி பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன், இளம் பெண் எலிகளுக்குப் பக்கவாதத்தால் வரும் மூளைச் சேதத்தைக் குறைத்தது. நடுவயது எலிகளுக்கு அதையே கொடுத்தபோது சேதம் கூடியது.

மாதவிடாய் நின்ற, 50 முதல் 79 வயது வரையுள்ள பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த பெரிய ஹார்மோன் மாத்திரை ஆய்வு 2002இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. மாத்திரை எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோயோடு பக்கவாதமும் கூடியிருந்தது.

இதில் நமக்குப் பாடம் உண்டு. ரமலானிலும் உம்ராப் பயணத்திலும் மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. ஹார்மோன் மாத்திரைகள் சிலருக்கு இரத்தம் உறைவதைக் கூட்டும். நோன்பில் தண்ணீரும் குறைவதால் மூளையின் சிரைகளில் கட்டி உண்டாகலாம். ஈரான் மருத்துவர்கள் ரமலானில் இத்தகைய நோயாளிகளைக் கண்டு பதிவு செய்துள்ளனர். விட்ட நோன்பைப் பிறகு களாச் செய்ய மார்க்கம் இடம் தந்திருக்கிறது. ஆகவே மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரை வேண்டாம். பிரஷர், ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பேறுகாலமும் கவனிக்க வேண்டிய காலம். பிரசவத்துக்குப் பின் மூளைச் சிரையில் இரத்தம் உறைந்து வந்த பெண்கள் பலரை பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை மருத்துவர்கள் ஆராய்ந்துள்ளனர். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைக்கும் வழக்கத்தை நாம் விட வேண்டும். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு கண்டால் அதைப் பேறுகாலக் களைப்பு என்று ஒதுக்காதீர்கள்.

வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை ஆண், பெண் எல்லோருக்கும் பொதுவான அறிகுறிகள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும். திற்பரப்பிலிருந்து ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் நேரமும் இந்தக் கணக்கில் சேரும். உம்மா “கொஞ்சம் படுத்தால் சரியாகும்” என்று சொன்னாலும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

இதை வீட்டுப் பெண்களிடம் வாசித்துக் காட்டுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.