வயிற்றைச் சுருக்கியாச்சு, மாத்திரையை நிறுத்தலாமா?



உடல் பருமனோடு இனிப்பு நீரும் சேர்ந்து வாட்டுகிறவர்களில் சிலருக்கு, வயிற்றைச் சுருக்கும் ஆப்பரேஷன் செய்துகொள்ளும்படி டாக்டர்கள் சொல்கிறார்கள். நல்ல சிகிச்சைதான். பலருக்கு இனிப்பு நீர் மருந்தே குறைந்துவிடுகிறது. ஆனால் அதற்குப் பிறகு வரும் ஆபத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை.

"ஒடம்புதான் எளைச்சிருச்சே, இன்னும் எதுக்கு இந்தச் சத்து மாத்திரை?" என்று கேட்கிறார்கள். மாதாமாதம் காசு வேறு போகிறது. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த மாத்திரை சிகிச்சையில் பாதி. ஆயுளுக்கும் சாப்பிட வேண்டியது.

ஒரு வகை ஆப்பரேஷனில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போல ஒரு குழாயாக விடுகிறார்கள். இன்னொரு வகையில், சின்னப் பை ஒன்றை மட்டும் விட்டு, சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டி இணைக்கிறார்கள். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம் உறிஞ்சப்படுவது அந்த முதல் பகுதியில்தான். ஆக, உண்பதும் குறைவு, உண்டது உடம்பில் சேர்வதும் குறைவு. பருமனாக இருப்பவருக்குச் சத்துக் குறையாது என்பதும் தப்புக் கணக்கு. ஆப்பரேஷனுக்கு முன்பே இரும்பும் வைட்டமின் டி-யும் குறைந்தவர்கள் நிறைய.

முதலில் கவனிக்க வேண்டியது வைட்டமின் பி1. இதன் இருப்பு உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். ஆப்பரேஷனுக்குப் பின் விடாமல் வாந்தி எடுத்தால் சீக்கிரமே தீர்ந்துபோகும். வருவது பெரிபெரி.

இந்த மண்ணுக்கு அது பழைய நோய். நூறு வருஷத்துக்கு முன் மலாயாவில் தீட்டிய வெள்ளை அரிசி தின்ற சீனத் தொழிலாளர்களை அது வாரிக்கொண்டு போனது. புழுங்கலரிசி தின்ற நம்மவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். 1905 டிசம்பரில் டாக்டர் பிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பாதிப் பேருக்கு வெள்ளை அரிசியும் பாதிப் பேருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். நோய் தாக்கியது வெள்ளை அரிசிக்காரர்களைத்தான். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஆனால் சோறே வயிற்றில் தங்காதவருக்குப் புழுங்கலரிசியும் கைகொடுக்காது.

ஆகவே வாந்தி இரண்டு மூன்று நாள் நிற்கவில்லையா? "ஆப்பரேஷன்னா அப்படித்தான்" என்று லயத்தில் படுத்துக் கிடக்காதீர்கள். நடை தள்ளாடினால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், பேச்சுக் குழம்பினால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "வயித்து ஆப்பரேஷன் செஞ்சவர்" என்று முதலில் சொல்லுங்கள். பி1 ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம்.

பி12 வேறு மாதிரி. கல்லீரலில் வருஷக்கணக்கில் இருப்பு உண்டு. அதனால்தான் மாத்திரையை நிறுத்தியவர், "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்கிறார். இரண்டு மூன்று வருஷம் கழித்துக் கால் மரத்துப்போகிறது, பாதம் எரிகிறது. இனிப்பு நீர்தான் காரணம் என்று அவரே முடிவு கட்டிவிடுகிறார். மெட்பார்மின் மாத்திரையும் பி12-ஐக் குறைக்கும். சைவக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நரம்பு அதிகம் கெட்டபின் முழுதாகத் திரும்பாது.

இரத்தப் பரிசோதனை முதல் வருஷம் சில தடவை, பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை. இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பிள்ளை பெற நினைக்கும் தாய்மார்கள் ஆப்பரேஷனுக்குப் பின் ஒரு வருஷத்துக்கு மேல் பொறுத்து, டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். என்ன ஆப்பரேஷன், எந்தத் தேதி என்ற சீட்டை அடையாள அட்டையோடு பர்ஸிலேயே வைத்திருங்கள்.